மாமா விலை குறைத்த வீடுகள்

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மாமா முதலில் மேலேதான் பார்ப்பார். வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போடுவார். உள்ளேயிருந்து காபி வாசம் வரும். மாமா எதையும் கண்டுகொள்ள மாட்டார். அண்ணாந்த தலை அண்ணாந்தபடியே முன்னறை, முற்றம், அடுப்படி, புறவாசல் என்று கடைசிவரை நடந்து போய்த் திரும்பி வருவார். ஆள்காட்டி விரலை மடக்கி இரண்டு பக்கச் சுவரையும் தட்டிப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் உட்கார்ந்து, "எம்புட்டுச் சொல்லுதீய?" என்று கேட்பார்.

வீட்டுக்காரர் என்ன தொகை சொன்னாலும் பதில் ஒன்றுதான்.

"அம்புட்டுப் பெறாது."

காபி வந்தால் கையால் தள்ளி வைப்பார். "குடிச்சிட்டா வெலை சொல்ல வாய் கூசும்" என்பார். அந்த டம்ளர்கள் ஆடை படிந்து ஆறிப்போவதை நான் பல வீடுகளில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூட என் அம்மாவும் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் காபி என்றால் உயிர். அண்ணன் குடிக்காதபோது தான் எப்படிக் குடிப்பது என்று அவளும் தொட மாட்டாள்.

மாமாவின் பெயர் இங்கே வேண்டாம். என் அம்மாவுக்கு ஒரே அண்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நாற்பது வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவர். தேரோடும் வீதியை ஒட்டிய பழைய தெருக்களில் அவர் கை படாத பத்திரம் இருக்கிற வீடு குறைவு. அந்தத் தெருக்களைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் விரல் நுழைய இடம் இருக்காது. வாசல் பத்தடி, பதினோரு அடிதான் அகலம். உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். வெளிச்சம் என்றால் முற்றத்தில் விழுவது ஒன்றுதான்.

அந்த வீடுகளில் மாமா தேடுவது ஒரே விஷயத்தை. நடுச்சுவர் யாருடையது? புறவாசலில் நின்று பார்த்தால் இரண்டு வீட்டுக்கும் இடையிலுள்ள சுவரின் கனம் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் சுவர் என்றால் நல்லது. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே சுவர் என்றால் மாமாவுக்கு முகம் மலர்ந்துவிடும்.

"ஒத்தச் செவருல்லா இது! பக்கத்து வீட்டுக்காரன் நாளைக்கு இடிச்சுக் கட்டுறேன்னு கெளம்புனா உங்க உத்திரம் எதுல நிக்கும்? ஆகாசத்துலயா?"

வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும். மாமா அங்கேயே இரண்டு லட்சம் குறைத்துவிடுவார்.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நான் ராஜபாளையத்தில் நூற்பாலையில் சூப்பர்வைசர். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுக்கப் போனார். மாமா சுவரைத் தட்டிப் பார்த்து, "சும்மா குடுத்தாலும் வேண்டாம்" என்று தடுத்துவிட்டார். வேறொருவர் வாங்கினார். அந்த ஐப்பசியிலேயே பக்கத்து வீட்டை இடித்தார்கள். நடுச்சுவர் மழையில் நனைந்து சரிந்து, வாங்கியவரின் பாதி வீடு அதோடு போய்விட்டது. அதன்பிறகு மாமா சொன்னால் மறுபேச்சு இல்லை. வத்திராயிருப்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவரைக் கூட்டிப் போவார்கள். ஒரு பைசா வாங்க மாட்டார். தரகு வாங்காத ஆள் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எங்களுக்கும்தான்.

அம்மாவுக்குச் சொந்த வீடு கிடையாது. அப்பா போலீஸில் ஏட்டு. போட்ட ஊரிலெல்லாம் காவலர் குடியிருப்பு. அவர் போன பிறகு ராஜபாளையத்தில் வாடகைக்கு வந்தோம். வருடத்துக்கு ஒரு வீடு, இரண்டு வருடத்துக்கு ஒரு வீடு என்று மாறினோம். சாமான் ஏற்றி இறக்கியே அம்மாவின் பித்தளைக் குடங்கள் எல்லாம் நசுங்கிப்போயிருந்தன. கான்சாபுரத்தில் அப்பாவின் பங்குக்கு வந்த வயலை விற்று, அந்தப் பணத்தோடு அவருடைய பணிக்கொடையையும் சேர்த்து வங்கியில் போட்டு வைத்திருந்தாள். ஒரு வீட்டுக்கென்று வைத்த பணம்.

அவள் கேட்டது மாடி வீடு அல்ல. ஒரே ஒரு ஆசைதான் சொன்னாள். நாலைந்து குடித்தனத்தோடு நாங்கள் சேர்ந்திருந்த ஒரு வளவில் பக்கத்துக் குடித்தனத்துப் பெரியவர் செத்துப்போனார். வீட்டுக்காரர் வந்து, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள் என்று வாசலிலேயே நின்றுகொண்டார். மகள் பம்பாயிலிருந்து வருகிறாள், சாயங்காலம்வரை இருக்கட்டும் என்று கெஞ்சினார்கள். நடக்கவில்லை. அன்று அம்மா சோறு தின்னவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்லே. நான் செத்தா ஒருத்தன் வந்து மணி சொல்லக் கூடாது. எனக்குன்னு ஒரு வாசல்ல செத்த நேரம் கெடந்துட்டுப் போறேன். அம்புட்டுத்தான்."

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், அவள் பிறந்த தெருப்பக்கமாகவே வேண்டும் என்றாள். பிறந்த வீட்டில் மாமா இருந்தார். தாத்தா இறந்தபோது அவளுடைய பங்கை மாமாவுக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவள் அம்மா. அந்தப் பத்திரத்தையும் மாமாவே எழுதினார். "அண்ணன் இருக்கிற வீடு எனக்குப் பொறந்த வீடுதானே, அதுல என்ன பங்கு?" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் வந்து பார்க்காமல், அண்ணன் சரி என்று சொல்லாமல், வீடு வாங்குவது அவளுக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

ஆக, மாமா பார்த்தார். முதல் வீடு ஒற்றைச் சுவர். இரண்டாவது வீட்டில் கிணறு உப்பு. மூன்றாவதில் அண்ணன் தம்பி வழக்கு. நாலாவது வீட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. வாசலில் வந்து நின்று மாமா சொன்னார், "மூஞ்சியைப் பாத்தியாலே அவனுக்கு? அவசரக்காரன். ரெண்டு மாசம் விட்டா பாதிக்கு வருவான்." அந்த ஆள் ரெண்டு வாரத்தில் வேறு யாருக்கோ விற்றுவிட்டுப் போனான். மாமா அசரவில்லை.

ஒருமுறை என் மனைவி கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். படமெல்லாம் போட்டு விலை போட்டிருந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"போன்ல போடுத வெலையெல்லாம் ஒரு வெலையாம்மா? நேத்து வரைக்கும் கோழி அடைச்சு வச்சிருந்த வீடு அது."

"பெரியப்பா, நமக்குப் பிடிச்சிருந்தா ரெண்டு ரூவா கூடக் கொடுக்கலாம்ல?" என்று அவள் கேட்டாள்.

"பிடிச்சிருக்குன்னு வாங்குறதுக்கு இது சேலையா?" என்றார். என் மனைவி அதற்கப்புறம் வீடு பார்க்க வரவில்லை. அவளுக்கு என்னைவிடப் புத்தி உண்டு.

எட்டாவதோ ஒன்பதாவதோ பார்த்த வீடுதான் அந்த வீடு. வீட்டுக்காரர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகிறவர். இருபத்தெட்டு லட்சம் சொன்னார். அம்மா அடுப்படிக்குள் போனவள் வெளியே வரவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். முற்றத்து வெளிச்சம் சாய்வாக அடுப்படிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அம்மா அடுப்பு மேடையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தர் வீட்டு மேடையை! அவளே வெளியே வந்து, வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிட்டாள்.

"எனக்குப் பிடிச்சிருக்குண்ணே."

மாமாவுக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். வாங்குகிறவர் வாயைத் திறந்து பிடித்திருக்கிறது என்று சொல்லலாமா? புறவாசலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். ஒற்றைச் சுவர்தான். இருபத்து மூன்று என்றார். தலைமையாசிரியர் இருபத்தேழுக்கு இறங்கி வந்தார். "என் பொண்டாட்டி கோலம் போட்ட வாசல் இது. இந்தம்மா நல்லா வச்சுக்கிடுவாக, அதுக்காகத்தான் இறங்குறேன்" என்றார். மாமா எழுந்துவிட்டார்.

தெருவில் வைத்து அம்மாவைத் திட்டினார். "ஏட்டி, ஆடி பொறக்கப் போகுது. ஆடியில எவனாவது வீடு வாங்குவானா? பொறவு அவனே நம்ம வாசலைத் தேடி வருவான். நான் இருபத்து மூணுக்கு முடிச்சுக் காட்டுதேன், பாரு."

எல்லா ஊரிலும் செல்லுகிற கணக்குதான். ஆடியில் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள், விற்கிறவர் தளர்ந்துபோவார். ஆனால் இது ஸ்ரீவில்லிபுத்தூர். இங்கே ஆடி என்றால் ஆடிப்பூரம். ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே பத்திரம் எழுதிய மனிதர் அதை எப்படி மறந்தார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தேர் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தங்க இடம் கிடைக்காமல் அலைந்தது. தண்ணீர் கேட்கத் தலைமையாசிரியர் வீட்டுக்குள் வந்தவர்கள், வருடா வருடம் வந்து தங்க நமக்கே ஒன்று இருந்தால் என்ன என்று யோசித்திருக்கிறார்கள். ஆடியாவது ஆவணியாவது! சொன்ன இருபத்தெட்டையும் கொடுத்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாமா சிரித்தார். "ஏமாந்த பய வாங்கிட்டுப் போறான். நமக்கு என்ன?"

அன்று ராஜபாளையம் திரும்புகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள். பஸ் மடவார்வளாகம் தாண்டியது. பிறகு, "அந்த அடுப்படியில நல்ல வெளிச்சம்லே" என்றாள். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்னை நானும் திட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சம்பாதிக்கிறவன். அன்று சாயங்காலமே தனியாகப் போய், தலைமையாசிரியர் கையில் ஒரு லட்சத்தைக் கொடுத்து முடித்திருக்கலாம். மாமா என்ன நினைப்பாரோ என்று பயந்தேன். நஷ்டப்பட்டு வாங்கிவிட்டான் என்று நாலு பேர் சொல்வார்களோ என்றும் பயந்தேன். அவர் குறைத்துத் தரப்போகிற நாலு லட்சத்தின் மேல் எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அந்தத் தெருக்களில் விலை ஏறிய வேகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்காரர்கள், பெங்களூர்க்காரர்கள், வெளிநாட்டில் இருப்பவர்கள் என்று வந்து வாங்கிப் பூட்டிப் போட்டார்கள். மாமா மட்டும் பழைய விலையிலேயே நின்றார். "நாப்பதா? நான் எழுதுனப்போ ஆறு லட்சம் இந்த வீடு" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவார். எங்கள் பணம் வங்கியில் இருந்தபடி இருந்தது. வீடு எங்களைவிட்டு ஒவ்வொரு மாதமும் ஒரு தெரு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மாமாவுக்கே தன் வீட்டை விற்க வேண்டி வந்தது. மகன் மதுரையில் ஃபிளாட் வாங்கியிருந்தான், அங்கே வந்துவிடுங்கள் என்றான். நானும் அம்மாவும் போயிருந்தோம். அம்மாவுக்கு அப்போதே சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி. அத்தை காபி கொண்டுவந்து வைத்தாள். மாமாவும் குடித்தார்.

"எம்புட்டுச் சொல்லலாம்னு இருக்கீக மாமா?" என்று கேட்டேன்.

"எழுபது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுவும் ஒத்தச் சுவர்தான மாமா?"

"ஏலே, இது தேர் திரும்புற முனை. மாடியில நின்னா வடம் பிடிக்கிறவன் முகம் தெரியும். எவனுக்குக் கெடைக்கும் இது?" என்று கொஞ்சம்கூடக் கூசாமல் சொன்னார். விற்கிற ஆளின் முகம் அவருக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள், "எனக்குக் குடுத்தா என்னண்ணே? இருக்கிறதைத் தாரேன். மிச்சத்தை இவன் லோன் போட்டுத் தருவான்."

மாமா அவள் தலையைத் தடவிச் சிரித்தார். "கூடப்பொறந்தவகிட்ட எப்படிட்டி வெலை பேசுறது?" என்றார். எவ்வளவு பாசமாகச் சொன்னார்! அம்மாகூடச் சிரித்தாள். பஸ் ஏறின பிறகுதான் அது இல்லை என்ற பதில் என்று எனக்கு உறைத்தது.

மூன்று மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் அம்மா இறந்துபோனாள்.

வீட்டுக்காரருக்குத்தான் முதலில் போன் செய்தேன். மாடியில் அவர்கள், கீழே நாங்கள். அவருடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வாசலில் பந்தக்கால் நட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர் அழாத குறையாகச் சொன்னார். "தம்பி, நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. ஆச்சி கையால நானும் சாப்பிட்டிருக்கேன். ஆனா பந்தலுக்குள்ள எப்படித் தம்பி? நீங்களே சொல்லுங்க." பெண்ணைப் பெற்றவரை என்ன சொல்வது?

அப்புறம் மாமாவைக் கூப்பிட்டேன். செய்தியைச் சொன்னதும் போனிலேயே ஓவென்று அழுதார். அது பொய் அழுகை இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அழுது ஓயும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னேன்.

"மாமா, இங்க வீட்டுல வைக்க முடியாது. அங்க கொண்டு வந்துருதேன். அவ பொறந்த வீடு. சாயங்காலம் வரைக்கும் இருந்தாப் போதும்."

சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"ஏலே," என்றார், குரலைத் தாழ்த்தி. "சனிக்கெழம பார்ட்டி வருது. தெருவுல நாலு பேருகிட்ட விசாரிக்காம வாங்க மாட்டான். வெளியில செத்த பொணத்தை உள்ள கொண்டாந்து வச்ச வீடுன்னு எவனாவது சொல்லிட்டான்னா, அஞ்சு லட்சம் கொறைச்சுருவான்லே."

மாமாவே தொடர்ந்தார்.

"அவ என் தங்கச்சி. ஒன்னைவிட எனக்கு வருத்தம் இல்லையா? நெலமையைச் சொல்லுதேன்" என்றார்.

ஐந்து லட்சம் என்று அவர் வாயில் உடனே வந்ததே, அதுதான் என்னை இன்றும் அறுக்கிறது. மாமா அனுமானமாகப் பேசுகிற ஆள் இல்லை. உப்புக் கிணற்றுக்கு இவ்வளவு, ஒற்றைச் சுவருக்கு இவ்வளவு என்று கழிக்கிற மாதிரி, கூடப்பிறந்தவளின் உடம்புக்கு எவ்வளவு கழியும் என்பதையும் அந்தச் சத்தமில்லாத அரை நிமிடத்தில் பார்த்துவிட்டார். அவர் சொன்னது சரியான விலையாகத்தான் இருக்கும். அவர் விலை தப்பியது எங்களுக்கு மட்டும்தான்.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில், குழாயடியில் தண்ணீர் பிடித்து என் மனைவியும் இரண்டு நர்ஸுகளும் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். அங்கிருந்து நேராகச் சுடுகாடு. வாசல் எதுவும் இல்லை. மாமா பன்னிரண்டு மணி பஸ்ஸில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு சுடுகாட்டுக்கே வந்து சேர்ந்தார். அசல் பட்டு. தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அந்தச் சேலையைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது. என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். "போர்த்தட்டும். அத்தைக்குப் பொறந்த வீடுன்னு வேற யாரு இருக்கா?" என்றாள். போர்த்தினார். நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.

சனிக்கிழமை பார்ட்டி வந்தது. கேட்ட எழுபதுக்கே முடிந்ததாக அத்தை சொன்னாள். மாமா மதுரைக்குப் போய்விட்டார். நான் அவரோடு பேசுவதில்லை. வயதாகிவிட்டது, ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மனைவி சொல்கிறாள். பார்க்கலாம்.

வாங்கியவர் வீட்டை இடிக்கவில்லை. உள்ளே குளிர்சாதனம் வைத்து, கட்டில் போட்டு, கோயிலுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். அம்மாவுக்கு வருடத் திதி வந்தபோது நான் போனில் ஒரு அறையைப் பதிவு செய்தேன். முதல் நாள் சாயங்காலமே தனியாகப் போய்ச் சேர்ந்தேன். காலையில் குளித்துவிட்டு, முற்றத்தைப் பார்த்த மாதிரி அம்மாவின் படத்தை வைத்து, மாலை போட்டு, சின்ன விளக்கு ஒன்றை ஏற்றினேன். பெருக்க வந்த பெண், வத்திராயிருப்புப் பக்கத்துக்காரி, படத்தைப் பார்த்ததும் தயங்கி நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீய. மாலை போட்ட படத்தை வெளிய தெரிய வைக்காதீய. அடுத்தாப்ல ஒரு குடும்பம் வருது, பிள்ளைகளோட. பாத்தா மனசு கூசி வேற எடம் போயிருவாக."

"இது எங்க அம்மா. இந்த வீட்டுலதான் பொறந்தா" என்றேன்.

அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, படத்தைக் கும்பிட்டாள். "செத்த நேரம் இருக்கட்டும்ணே. கதவைச் சாத்திக்கோங்க. பதினோரு மணிக்கு ரூமு காலி பண்ணணும், மறந்துராதீய" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டுப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்கு விளக்கைக் குளிரவைத்தேன். மாலையைக் கழற்றி, படத்தைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பதினோரு மணிக்கு முன்பே காலி செய்துவிட்டோம், நானும் அம்மாவும்.